ஸ்பீக்கருக்குப் போட்ட சட்டை

என்னால் கத்த முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் வருகிற கோபம் முழுவதையும் நான் சத்தம் போடாமல்தான் பட்டேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். இருபது வருஷம் தொண்டை கிழியப் பாடம் நடத்தியதில் குரல் நாணில் காய்ப்பு விழுந்துவிட்டது. "இனிமே குரலை உயர்த்தினீங்கன்னா இருக்கறதும் போயிடும்" என்றார் டாக்டர்.

அதற்காக வாங்கியதுதான் அந்த ஸ்பீக்கர். காதில் மாட்டிக்கொள்ளும் மைக், வயர் கிடையாது. ஆம்ப்ளிஃபையர், பேட்டரி எல்லாம் பெட்டிக்குள்ளேயே. கடலூர் செம்மண்டலத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் ஒரு குறை இல்லை. முணுமுணுத்தால் போதும், கடைசி பெஞ்சுக்குப் போய்விடும்.

பங்குனியில் பிடித்தது சனியன். என் வகுப்பு மூன்றாவது மாடி, மேலே தகர ஷீட். இருபது நிமிஷம் பேசுவேன். சிவப்பு விளக்கு சிமிட்டும். குரல் அறுந்துபோகும். வாய் மட்டும் அசைகிற என்னை அறுபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊமை கண்ட கனவுதான். அரை மணி நேரம் கழித்து அதுவாகவே உயிர் பெறும். அதற்குள் பீரியட் முடிந்திருக்கும்.

கடலூரில் வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட ஏசிக் கடை. சர்வீஸ்காரர் மேஜைமேல் வைத்து ஒரு மணி நேரம் பாட விட்டார். நிற்கவேயில்லை.

"நல்லாத்தான மேடம் ஓடுது?"

"வகுப்புல நிக்குது."

"மைக்கை நீங்க சரியாப் புடிச்சிருக்க மாட்டீங்க."

காதில் மாட்டுகிற மைக்கை எப்படிப் பிடிப்பது? மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அது அங்கே சமர்த்தாகப் பாடியது, நான் பொய் சொல்பவள் ஆனேன். வகுப்பு எங்கே, எவ்வளவு வெயில், எப்படி வைக்கிறீர்கள் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்திரையில் சிறப்பு வகுப்பு நடந்தபோது பிரின்சிபல் வந்து பின்னால் உட்கார்ந்தார். சொல்லிவைத்தாற்போல் ஸ்பீக்கர் நின்றது. வீம்புக்குக் குரலை உயர்த்தினேன். பத்து நிமிஷம்தான். மறுநாள் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. அதையே மைக்கில் விட்டு வகுப்பை ஒப்பேற்றினேன். பிரின்சிபல் கூப்பிட்டனுப்பினார். "ஜூன்லேர்ந்து ஆபீஸ்ல இருந்துடுங்க மேடம். எக்ஸாம் வேலை பாருங்க, உங்களுக்கும் ரெஸ்ட்." வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு அதற்கு ரெஸ்ட் என்று பெயர் வைக்கிறார். கணக்கு நடத்துவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கடைக்குப் போனேன். பெட்டியை மேஜைமேல் வைத்த வேகத்தில் சர்வீஸ்காரர் பின்னால் நகர்ந்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

"இது இன்னா மேடம்?"

"கவர்" என்றேன், காற்றில்.

"மூணு தடவையும் இது இல்லையே?"

இல்லைதான். என் வீட்டுக்காரர் பைக் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். ஸ்பீக்கர் வந்த அதே வாரம் அதற்கும் ஒன்று தைத்துவிட்டார். மெரூன் ரெக்சின், உள்ளே ஸ்பாஞ்சு, இரட்டைத் தையல், சுவிட்சுக்கும் முன்பக்க வலைக்கும் அளவெடுத்து வெட்டிய ஓட்டை. பின்பக்கம் முழுக்க மூடல். சர்வீஸ் கடையில் கை அழுக்கு படுமே என்று ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றி மடித்து பீரோவில் வைத்துவிட்டு, பெட்டியை ஒயர்கூடையில் போட்டு எடுத்துப் போவேன்.

அவர் கவரின் ஜிப்பைத் திறந்தார். "தொட்டுப் பாருங்க." பின்பக்கம் வரிவரியாக இருந்த அலுமினியத் தகடு. வகுப்பு முடிந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தும் சூடு அடங்கவில்லை.

"ஆம்ப்ளிஃபையர் சூடு இந்த வழியாத்தான் வெளிய போவணும். நீங்க ஸ்வெட்டர் போட்டு வுட்டிருக்கீங்க. அது ரிப்பேர் இல்ல மேடம். எரிஞ்சிடக் கூடாதுன்னு அதுவா வாயை மூடிக்குது."

காற்றுப்புகும் வழியை மூடாதே என்று தகட்டின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அதன்மேல்தான் ஐந்து மாதமாக ஸ்பாஞ்சு. அந்த எழுத்தைப் போட்டவனுக்குத் தெரியுமா, இங்கே ஒரு பொருளையும் நாங்கள் உடுப்பில்லாமல் வைப்பதில்லை என்று? டிவிக்குக் கவர், மிக்ஸிக்குக் கவர், ரிமோட்டுக்குக்கூட பிளாஸ்டிக் உறை. என்மேலேயே எனக்குக் கோபம் பொங்கியது. பிள்ளைகளுக்கு வெப்பநிலை மாறும் வீதம் வைத்து வகைக்கெழுக் கணக்கு நடத்துகிறவள் நான்.

வீட்டில் பேச முடியாது. காகிதத்தில் எழுதி வீட்டுக்காரரிடம் நீட்டினேன்: "உங்க கவர்தான் என் வகுப்பைப் புடுங்கிடுச்சு." கீழே மூன்று கோடு போட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்றாவது சொல்வார் என்று பார்த்தேன். கத்தரிக்கோலை எடுத்து கவரின் முதுகை அகலமாக வெட்டினார். வெட்டிவிட்டு, ஓரத்தை மடித்துத் தைக்க உட்கார்ந்தார். என் வேலை போகிறது, இவருக்கு ஓரம்.

"பிசிறு வந்துடும்மா" என்றார், தலை நிமிராமல். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. "பஸ்ஸுக்கு மட்டும் போடு. வகுப்புல கழட்டிடு."

ஜூன் முதல் நாள், குரல் ஓரளவு திரும்பியிருந்தது. பெட்டியோடு பிரின்சிபல் அறைக்குப் போனேன். ஸ்பீக்கர் இனி நிற்காது, என் வகுப்பைக் கொடுங்கள் என்றேன்.

"இங்கயே போட்டுக் காட்டுங்க, பாப்போம்."

"இங்க ஏசி ஓடுது சார். இங்க எதுவும் நிக்காது. மேல வாங்க."

என்ன நினைத்தாரோ, வந்தார். அதே தகர ஷீட், அதே கடைசி பெஞ்சு. கவரைக் கழற்றி, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிப் பெட்டியை வைத்தேன். தொகையிடலில் ஆரம்பித்தேன். இருபதாவது நிமிஷம் விளக்கைப் பார்த்தேன். பச்சை. அரை மணி ஆனது. பிரின்சிபல் கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்பதாவது நிமிஷம் எழுந்தார்.

"போதும் மேடம், ஒத்துக்கறேன். ஜாஸ்தி வேக்காடா இருக்கு, நான் கெளம்பறேன்."

நான் குரலை உயர்த்தவில்லை. மைக்கில்தான் சொன்னேன், அறை முழுக்கக் கேட்டது.

"பீரியட் முடியல சார். உக்காருங்க."

உட்கார்ந்தார்.