பாதி இருண்ட வானத்துக்கு முழு மார்க்

கணக்கு வாத்தியார் வேலையில் பெரிய ஆபத்து, நாம் சொல்வதை யாராவது நிஜமாகவே கேட்டுவிடுவதுதான். என்னைப் போல அடிபட்ட வாத்தியார்களுக்கு இது தெரியும். எழுபதுகளில் திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஃபஸ்ஸி லாஜிக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். உண்மை, பொய் என்று நிற்காமல் பாதி உண்மை, கால் உண்மைக்கும் மார்க் போடுகிற சமாச்சாரம். அதிலும் என் பங்கு, 'இப்படி ஆனால் அப்படி' என்கிற வாக்கியங்களுக்கு மார்க் போடுவது.

சத்தியம் தவறாத சித்தப்பா

"முன்பாதி நடக்கவே இல்லையென்றால் வாக்கியத்துக்கு முழு மார்க்" என்றேன் வகுப்பில். "மழை பெய்தால் குடை கொண்டுவருவேன் என்றவன், மழையே இல்லாத நாளில் சொல் தவறினான் என்று சொல்ல முடியுமா?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "கல்யாணம் ஆனா குடிய விட்டுடுறேன்னு எங்க சித்தப்பா மாதா கோயில்ல சத்தியம் பண்ணாருங்க சார். இன்னும் கல்யாணமே பண்ணிக்கல. அப்ப அவரு சத்தியம் தவறாதவருங்களா?"

மாமாவின் கொட்டாவி

அக்கா வீட்டுக்காரருக்கு மரக்காணத்தில் உப்பளம். அங்கே ஒரே சட்டம்: வானம் இருண்டால் பாத்தியில் இருக்கிற உப்பை வாரி மேட்டில் குவித்து, கீற்றுப் போட்டு மூடிவிட வேண்டும். தவறினால் மேஸ்திரி ஏழுமலைக்கு வேலை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளத்தில் நின்றுகொண்டு, "அப்படி என்னதான்யா படிக்கிற?" என்று மாமா கேட்டார். அவர் சட்டத்தையே எடுத்துக்கொண்டேன். "வானம் பாதி இருண்டிருக்கு, உப்பையும் பாதி வாரியாச்சுன்னு வச்சுக்குங்க. ஒரு சூத்திரத்துல அரை மார்க்குதான். என் சூத்திரத்துல முழு மார்க். முன்பாதி எவ்வளவு உண்மையோ, பின்பாதியும் அவ்வளவு உண்மையா இருந்தா போதும்." சூத்திரத்தின் அடுத்த குணத்தைச் சொல்வதற்குள் மாமா கொட்டாவி விட்டு, சாப்பிடப் போகலாம் என்று கிளம்பிவிட்டார். ஏழுமலை மட்டும் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார். "இது ரொம்ப நல்ல படிப்பா இருக்குதே சார்!"

மேஸ்திரி வாங்கிய மார்க்

அடுத்த முறை போனபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாராமல் விட்ட பாதிப் பாத்திகளில் உப்பு கரைந்து மழைத்தண்ணீர்தான் நின்றது. மாமா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "இன்னியோட உனக்கு வேலை இல்லடா!" ஏழுமலை கொஞ்சமும் அசராமல் என்னைக் கை காட்டினார். "பாதி இருட்டுனுச்சு, பாதி வாரிட்டு உக்காந்துட்டேன். அதுக்கு முழு மார்க்குன்னு வாத்தியார் சாரே சொன்னாருங்க."

அடப்பாவி! பிள்ளைகுட்டிக்காரர் பிழைப்பு என் சூத்திரத்தில் வந்து தொங்குகிறது. "மாமா, அந்த நேரத்துக்கு முழு மார்க்தான். வானம் மேல மேல இருட்டும்போது, வாரின உப்பு அங்கேயே நின்னுட்டா மார்க் இறங்கிட்டே வரும். அதைச் சொல்றதுக்குள்ளதான் நீங்க கொட்டாவி விட்டீங்க. பாவம், அவரை அனுப்பிடாதீங்க!"

மாமா என்னையே முறைத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஏழுமல, நீ போய் தண்ணிய எறைடா. மச்சான், இனிமே அளத்துப் பக்கம் வந்தா வாயத் தொறக்கமாட்டேன்னு உங்க அக்கா தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன், அதற்கப்புறம் அளத்துப் பக்கமே போகவில்லை, ஆகவே அந்தப் பெண்ணின் சித்தப்பாவைப் போலவே நானும் இன்றுவரை முழு மார்க்கோடு இருக்கிறேன்.