வெண்டலும் காணாமல் போன காப்பிக் குடுவையும்

வாயைக் குவித்து, கண்களை இறுக்கிக்கொண்டு, "க்ரீஈஈச்" என்று கத்துகிறார் வெண்டல் பிராதர். எதிரே நிற்பவர் கைக்குட்டையைத் தேடுகிறார். "ஒலியை முந்துற ஜெட் இப்படித்தான் கத்தும். இதை நான் சமன்பாட்டுல புடிச்சு வச்சிருக்கேன்" என்கிறார். வர்ஜீனியாவில், விமானத்தளத்தை ஒட்டிய எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்தத் தீர்த்தம் மேலே படாதவர் யாரும் இல்லை.

ஜெட்டின், அதாவது குழாயிலிருந்து சீறிவரும் காற்றுத் தாரையின், சத்தத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சத்தம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் சருகு ஊதும் இயந்திரத்தைக் கையில் எடுத்தாலே போலீசுக்குப் போன் பறக்கும். ஜெட் ஓடும் நாளில் சோதனை அறைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். "காதால கேட்டா மனசு ஒருபக்கம் சாஞ்சிடும். எண்ணு போதும்" என்பார். கணக்கு அளவீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு மாறிலியைச் செருகுவார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பக்குவம்'.

ஜெட்டை ஓட்டி அளப்பவர் லொரெட்டா பிக்ஸ். அவரும் முனைவர்தான், வாய் கொஞ்சம் நீளம். "உன் கணக்கு எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடும் வெண்டல். நான் அளந்து குடுத்தப்புறம்" என்பார்.

போன இலையுதிர் காலத்தில் லொரெட்டா அளந்த சத்தத்தின் கோட்டில் புதிதாக ஒரு கூர்முனை முளைத்தது. "அறைக்குள்ள ஏதோ கிடக்கு, தேடணும்" என்றார் லொரெட்டா. "அறையில ஒண்ணுமில்ல தாயே, இது இயற்கை!" என்றார் வெண்டல். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, நிறையப் பக்குவம் சேர்த்து, சமன்பாட்டை வளைத்தார். கூர்முனை அச்சு அசலாக வந்துவிட்டது. மாநாட்டில் காட்டினார், கைதட்டினார்கள். கடற்படை அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கத் தேதி குறித்தார்கள். ஒத்துப்போனால், ஓடுபாதையைச் சுற்றி எந்தத் தெருவில் வீடு கட்டலாம் என்பதை இனி வெண்டலின் கணக்கே சொல்லும். இல்லாவிட்டால் அவருடைய பாதி ஆயுசு அலமாரிக்குள் போகும்.

அதே இலையுதிர் காலத்தில்தான் அவருடைய எஃகுக் காப்பிக் குடுவையும் காணாமல் போயிருந்தது. 'எடுத்தவர் மனசாட்சி உள்ளவராக இருந்தால் திருப்பி வைக்கவும்' என்று கதவு கதவாக ஒட்டி, துப்புரவுப் பணியாளர்களை முறைத்துக்கொண்டு திரிந்தார்.

அதிகாரிகள் வந்த அன்று காலை, லொரெட்டா கடைசியாக ஒருமுறை அறையைச் சோதித்தார். ஜெட் குழாய்க்குப் பக்கத்தில், ஒலியை உறிஞ்சும் பஞ்சுச் சுவரின் இடுக்கில் குடுவை நின்றுகொண்டிருந்தது. மைத்துனருக்கு அறையைச் சுற்றிக்காட்டிய அன்று வெண்டலே வைத்துவிட்டு மறந்தது. குழாய்க்கு அருகில் உலோகம் இருந்தால் ஜெட்டின் கூச்சல் அதில் பட்டுத் திரும்பி, ஜெட்டை இன்னும் கூடுதலாகக் கத்தவைக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு வெண்டல் நடத்தும் முதல் பாடமே அதுதான்.

"இந்தா, உன் இயற்கை. மூடியை மட்டும் தொறந்துடாத, காப்பி உள்ளயே இருக்கு" என்று வெண்டலிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

வெண்டல் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "வேற யாராவது பாத்தாங்களா?"

"நான் பாத்தேன்ல?"

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் அங்கயே இருந்துட்டுப் போகட்டுமே, லொரெட்டா."

லொரெட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது. "உன் குடுவை. உள்ளயா, வெளியிலயான்னு நீயே முடிவு பண்ணு" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜெட்டைக் கிளப்பப் போய்விட்டார்.

ஜெட் ஓடியது. திரையில் அளந்த கோடும் வெண்டலின் கோடும் கைகோர்த்துக்கொண்டு வந்தன. பாதி வழியில் வெண்டலின் கோடு மட்டும் விருட்டென்று மேலே ஏறியது. அளந்த கோடு தன்பாட்டுக்குச் சமமாகப் போனது.

"இந்த முனைக்கு அடியில என்ன இருக்கணும் டாக்டர்?" என்று கேட்டார் மூத்த அதிகாரி.

வெண்டல் மேசைக்கு அடியிலிருந்து குடுவையை எடுத்தார். கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார். திரைக்கு முன்னால், அந்த முனைக்கு நேர் கீழே, அதை நிறுத்திவைத்தார்.