மூட்டைக்குள் போன வலை

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் எனக்கு முந்தைய நாளே தூக்கம் வராது. நாவலூர் அலுவலகப் பிள்ளைகளும் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து என்னைப் போன்ற பெண்களும் சேர்ந்து, புதுப்பட்டினம் பக்கத்து மீனவர் குப்பத்தின் கடற்கரையைச் சுத்தம் செய்யும் நாள் அது. போன ஆடியில் ஒரு ஞாயிறு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டோம். குப்பை மூட்டைகளை ஊராட்சி டிராக்டர் ஏற்றிக்கொண்டு போனது. படம் எடுத்துக்கொள்ள வரிசையாக நின்றோம். அவ்வளவு பெருமை எங்களுக்கு.

அப்போது குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து மணலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இங்க கெடந்த வலை எங்கம்மா?”

நல்ல வலையைக் குவித்து, வெயில் படாமல் மேலே கிழிந்த வலைத் துண்டுகளையும் சாக்கையும் போட்டு மூடிவைப்பது அங்கே வழக்கம். எங்கள் கண்ணில் பட்டது மேலே கிடந்த கந்தல் மட்டுந்தான்; மொத்தமும் குப்பை என்று அள்ளிவிட்டோம். மூட்டைக்குள் அடங்கவில்லை என்று கத்தரிக்கோலால் வலையை இரண்டாக வெட்டியதாக எங்கள் பையன் ஒருவன் மென்று விழுங்கிச் சொன்னான். அழகாக மடித்து வேறு வைத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான். எனக்கு வந்த கோபத்தில் அவன் காதைத் திருகியிருப்பேன்.

நாட்கணக்கில் கொந்தளித்த கடல் அன்றுதான் அடங்கியிருந்தது. விடிந்தால் எல்லாப் படகும் இறாலுக்குப் போகும்.

“என் புள்ளைக்கு வேற வலை இல்லம்மா. எல்லாரும் போவ சொல்ல அவன் மட்டும் கரையில குந்திகினு இருக்கணுமா?” என்றார் அம்மாள்.

“ஏறுங்கக்கா” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் வண்டி ஓட்டியதில்லை. பின்னாலிருந்து அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். வளைவு வந்தால் மட்டும் திட்டை நிறுத்தி என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பயம், வெட்கம் எல்லாவற்றையும் மீறி எனக்கு உள்ளுக்குள் குதூகலமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

குப்பைக் கிடங்கில் டிராக்டர் அப்போதுதான் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னாலேயே எங்கள் கூட்டமும் கார்களில் வந்து குதித்தது. காலையெல்லாம் கட்டிய மூட்டைகளை நாங்களே அவிழ்த்துக் கொட்டினோம். “கீது, இங்க கீது” என்று அவர் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது, கோப்பை ஜெயித்ததுபோல எல்லோரும் கூச்சல் போட்டோம்.

கரைக்குத் திரும்பியதும் குப்பத்துப் பெண்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து வெட்டுப்பட்ட இடத்தை இணைக்க, நாங்கள் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெட்டியவனுக்கு நடுவில் இடம்.

“கைய ஆட்டாத நைனா, உன்னியும் சேத்துத் தெச்சிடப் போறேன்” என்றார் அம்மாள். பொழுது சாய்வதற்குள் வலை மறுபடி ஒன்றானது.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கரையில் போய் நின்றேன். அம்மாள் மகனின் படகு கரையேறியது. வலைக்குள் இறால் துள்ளியதைப் பார்த்து, சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினேன். வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கைக் கடலிலேயே வீசிவிட்டு வருவதுதான் அங்கே எல்லோரும் செய்வது. அன்று அம்மாளின் மகன் அதையும் ஒரு சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மாள் அந்தச் சாக்கைத் தூக்கி வந்து என் கையில் திணித்தார்.

“இறாலு எங்குளுது, இது உன்து. இந்த வாட்டி பிரிச்சிப் பாத்துட்டு ஏத்தும்மா.”