பச்சைத் தண்ணி எங்கே போச்சு?

படகு என்ஜினில் கூலன்ட் ஒழுகலைத் தேடுவது வேலையே இல்லை, தண்டனை. வீட்டுக் கூரை ஒழுகினால் தலையில் சொட்டும், தெரிந்துவிடும். என்ஜின் ஒழுகினால் ஏரி நடுவில் போய் நின்ற பிறகுதான் தெரியும். குழாய், டேங்க், கூரை என்று எதன் ஒழுகலையாவது தேடிக் கண் பூத்துப்போனவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இது புரியும்.

நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றவள். பெரிய காரணமெல்லாம் இல்லை, பிடிக்கவில்லை. ஒடுகத்தூர் பட்டறையில் டீசல் என்ஜின் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது ஜவ்வாது மலை ஏரியில் ஓடும் ஒரே மோட்டார் படகுக்கு நான்தான் மெக்கானிக். கடலை இன்னும் பார்த்ததில்லை.

அந்தப் படகு அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஆட்களோடு நடு ஏரியில் கொதித்து நின்றது. படகைக் குத்தகை எடுத்திருக்கும் பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழமையும் நின்னுச்சுன்னா என்ஜினைத் திருப்பத்தூருக்கு அனுப்பிடுவேன். உன்னை வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

மோப்பம்

என்ஜினுக்குள் பச்சை நிறக் கூலன்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் சூட்டை ஏரித் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே போகும். கூலன்ட் குறைந்தால் என்ஜின் கொதிக்கும், பாடம் அவ்வளவுதான். சூடான கூலன்ட் இனிப்பாக வாசம் அடிக்கும், அதனால் முதலில் மூக்கை நம்பினேன்.

என்ஜின் மேல்மூடியைத் திறந்ததும் குப்பென்று இனிப்பு. இவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு ஒவ்வொரு குழாயாக முகர்ந்தேன். எந்தக் குழாயிலும் ஈரமில்லை. கடைசியில் பார்த்தால் என்ஜினுக்குப் பின்னால் ஒரு கோணிப்பை, அதற்குள் பழுத்து வெடிக்கக் காத்திருக்கும் பலாப்பழம். படகோட்டி ஏழுமலை அண்ணன் வைத்தது. என்ஜின் சூட்டில் சீக்கிரம் பழுக்குமாம். நான் கத்திய கத்தலுக்கு அவர் பழத்தை அறுத்து ஒரு சுளையை நீட்டினார். "ஒழுகலு எங்கயும் ஓடிடாதும்மா. பழம் அழுகிடும். மொதல்ல துன்னு."

மஞ்சள்

மறுநாள் கூலன்ட் டேங்கைத் திறந்தால் பச்சையைக் காணோம், சாம்பார் மாதிரி ஏதோ இருந்தது. ஏழுமலை அண்ணன் முன்பு வேன் ஓட்டியவர். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, கூலன்ட்டைக் குளிரவைக்கிற மெல்லிய குழாய்களை நன்றாக அடைக்கும்.

பாதி நாள் அலசி அலசி ஊற்றினேன். பக்கெட்டில் மஞ்சள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, ஏறலாமா வேண்டாமா என்று பிள்ளையை இழுத்துப் பிடித்தபடி கேட்டார்: "இன்னாம்மா, படகுக்கு அம்மை போட்டிருக்கா?"

தட்டு

கூலன்ட் தொலைய மூன்று வழிதான். ஆயிலில் கலக்கும், புகைக்குழாய் வழியாக ஏரித் தண்ணீரோடு வெளியேறும், இல்லையென்றால் ஏதோ ஒரு குழாயிலிருந்து படகுக்குள்ளேயே சொட்டும். ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தேன். கலந்திருந்தால் பால் டீ மாதிரி இருக்கும். சுத்தமாகக் கறுப்பு. அடுத்தது புகைக்குழாய். படகு ஓடும்போதே பின்பக்கம் குனிந்து, அது துப்புகிற தண்ணீரை வெள்ளைத் தட்டில் பிடித்து, பச்சை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

கலசப்பாக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மகனை முழங்கையால் இடித்தார். "பின்னாடி அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா தட்டேந்துதுடா. எதாச்சும் போடு."

காற்று

ஆக, உள்ளேயே சொட்டுகிறது. சனிக்கிழமை சைக்கிள் பம்பால் கூலன்ட் டேங்கில் காற்றடித்து, குழாய்களில் சோப்பு நுரை பூசினேன். ஓட்டை இருந்தால் குமிழி விடும். காற்று இறங்குகிறது, குமிழியைக் காணோம். ஒரே ஒரு இடத்தில்தான் பூசவில்லை. கீழ் ஹோஸில் ஏழுமலை அண்ணன் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும். திருஷ்டிக்குக் கட்டியதை யாரும் தொடமாட்டார்கள். வாய் இவ்வளவு நீளமாக இருக்கிற நானும்தான் தொடவில்லை.

வேறு வழியில்லாமல் அதன் மேலும் நுரையைப் பூசினேன். மிளகாய் குமிழி விட்டது! பிய்த்து எறிந்தேன். அடியில், அதைக் கட்டியிருந்த இரும்புக் கம்பி ஹோஸின் ரப்பரைக் கவ்விப் பிடித்து உள்ளே இறங்கியிருந்தது. என்ஜின் சூடாகி ஹோஸ் உப்பும்போதெல்லாம் அந்த வெட்டு வாய் திறந்திருக்கிறது. படகு நின்றால் கண்பட்டுவிட்டது என்று அண்ணன் வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்று கட்டுவார், இன்னும் இறுக்கமாக. வெட்டுப்பட்ட ஹோஸை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பார்த்தியா, கரெக்டா இந்தக் கொழா மேலயே கண்ணு வெச்சிருக்கானுங்க!"

ஞாயிறு

புது ஹோஸ் மாட்டி, கிளாம்ப் முறுக்கிவிட்டேன். முதல் சவாரியில் பாஸ்கர் சாரே ஏறி உட்கார்ந்தார். நான் கரையில் நின்றேன். படகு நடு ஏரிக்குப் போனது. சத்தம் நின்றது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெடல் படகில் குதித்து, மிதி மிதி என்று மிதித்தேன். பாதி தூரம் போனபோது மோட்டார் படகு உறுமிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தது. எல்லார் கையிலும் செல்போன். பாஸ்கர் சார் எழுந்து நின்று கத்தினார்: "ஏம்மா, திருப்பத்தூருக்கு இந்தப் பக்கம் வழி இல்ல, திரும்பு! போட்டோ எடுக்கத்தான் நிறுத்தினோம்!"

கூலன்ட் தொலைய மூன்று வழி என்று பட்டறையில் சொல்லிக்கொடுத்தார்கள், ஒழுகவே கூடாது என்று கும்பிட்டுக் கட்டிய இடம் நாலாவது என்று எவனும் சொல்லவில்லை.