கல்லறைத் திருநாளன்று ஓடிய ஃபிளாப்பி

எங்கள் வீட்டில் பேய் உண்டென்றால் அது ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. உப்பளம் பகுதியில் சொல்தா வீடு என்று கேட்டால் இன்றும் எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். எண்பதுகளில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, மற்ற சொல்தாக்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவர, இவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். பச்சைத் திரை, பிரெஞ்சுக்காரர் விசைப்பலகை, பக்கவாட்டில் ஃபிளாப்பி செருகும் டிரைவ். எனக்கென்று வாங்கியது. ஒரே வாரத்தில் தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். எனக்கு ஏதாவது புரிந்திருந்தால் அல்லவா சண்டை போட!

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தானே புத்தகத்தைப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். டிரைவ் முதலில் டக் டக்கென்று தட்டும், பிறகு நீளமாக ஒரு கர்ர், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஒரு டக். அம்மா ஒருநாளும் அந்த அறைக்குள் வந்து திரையைப் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"போதும்டி பாப்பா, கண்ணு கெட்டுடும். எழுந்து வா!"

இவள் நாற்காலியை வேண்டுமென்றே தரையில் கிரீச்சென்று இழுத்துவிட்டு எழுந்து போவாள். அதுதான் பதில்.

பதினாறு வயதில் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அப்பா கம்ப்யூட்டரை ஒரு வேட்டியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினார். அவர் இருந்தவரை யாரும் அதைத் தொடவில்லை.

வேலையில்லாதவன் பூனையைப் பிடித்துச் சிரைத்த கதையாக, ஓய்வுபெற்ற பிறகு நான் அதைக் கீழே இறக்கினேன். கடற்காற்று திருகாணிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. டிரைவின் ரப்பர் பெல்ட் அல்வாவாக உருகிக் கிடந்தது. டேப்ரெக்கார்டர் பெல்ட் ஒன்றைப் போட்டேன், ஓடியது. ஃபிளாப்பிகளில் ஒன்றின்மேல் அவள் கையெழுத்தில், பிரெஞ்சில், 'நான்' என்று எழுதியிருந்தது. அதில்தான் பூஞ்சை அதிகம். இணையத்தில் என்னைப் போன்ற பைத்தியங்கள் இருக்கிறார்கள். அவர்கள் எச்சரித்தார்கள்: பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியை ஓட்டினால் டிரைவின் படிக்கும் தலை உரசி உரசி மேல்பூச்சு உதிர்ந்துவிடும், துடைத்து ஒரே ஒருமுறை படி, காப்பி எடுத்துக்கொள், அப்புறம் தொடாதே. அப்படியே செய்தேன். அந்த ஒருமுறைக்கே வட்டில் மெல்லிய கீறல் வட்டமாக விழுந்தது.

காப்பியைப் பென்டிரைவில் போட்டு, அதை எமுலேட்டரில் செருகினேன். டிரைவ் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே ஃபிளாப்பி இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் சின்னப் பெட்டி அது. திரை பிரெஞ்சில் என் பெயரைக் கேட்டது. தட்டினேன். ஆங்கில எழுத்தில் 'போடா' என்று வந்தது.

சிரித்தேன். அப்புறம் அறுபது வயதுக்காரன் தனியாக உட்கார்ந்து அழுதேன். யார் பெயரைக் கொடுத்தாலும் அதே போடாதான். அவள் பெயரைக் கொடுத்தபோது மட்டும், வாசலில் கிறிஸ்துமஸுக்குக் கட்டுவோமே, அந்த நட்சத்திரம் கோடு கோடாக விரிந்தது.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. காலையில் நான் மட்டும் போய்த் தங்கச்சியின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துவிட்டு வந்தேன். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"எனக்குத்தான் போவ முடியல. அந்தப் பொட்டியயாச்சும் ஓட்டிக் காட்டேன்டா."

சாயங்காலம் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தேன். நட்சத்திரம் சத்தமில்லாமல் விரிந்து முடிந்தது.

"அவ எங்கடா?"

"இதாம்மா. அவ போட்டது."

"இது யாரோ போட்டது. அவ வந்தா சத்தம் கேக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு புள்ளிகூட மாறாமல் காப்பி எடுத்திருக்கிறேன், இந்த அம்மாவுக்குச் சத்தம் வேண்டுமாம். எமுலேட்டரில் டிரைவ் மாதிரியே தட்டும் சின்ன ஒலிப்பான் ஒன்று உண்டு, அதைப் போட்டுவிட்டேன். "பல்லி கத்துது" என்றாள். எமுலேட்டரைக் கழற்றிவிட்டுப் பழைய டிரைவை மாட்டி, நல்ல நிலையில் இருந்த வேறொரு ஃபிளாப்பியை ஓட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது அவ நடை இல்ல."

அவள் சொன்னது சரிதான். எந்த ஃபிளாப்பியில் எது எங்கே எழுதியிருக்கிறதோ, அதைத் தேடித்தான் டிரைவ் நகரும். ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்கு வராது. அம்மாவுக்கு வேண்டியது 'நான்' என்று எழுதிய ஃபிளாப்பி ஒன்றில்தான் இருந்தது.

அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். காப்பிதான் இருக்கிறதே என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. தங்கச்சியின் கையெழுத்து என்று என்னிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். ஆனால் கல்லறையில் மெழுகுவத்தி கரைகிறதே என்று யாரும் பாதியில் அணைத்து வீட்டுக்கு எடுத்து வருவதில்லை.

"நீ போடு. நான் அடுப்படில இருக்கேன்" என்றாள் அம்மா. சுவரைப் பிடித்துப் பிடித்து அவளே நடந்து போனாள்.

செருகினேன். டக் டக். நீளமாக ஒரு கர்ர். கொஞ்சம் நின்றது. மறுபடி ஒரு டக். அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. திரை பெயரைக் கேட்கவில்லை, நட்சத்திரமும் வரவில்லை. படிக்க முடியவில்லை, மறுபடி பார்க்கவா என்று பிரெஞ்சில் கேட்டது. பார் என்று அழுத்தினேன். மறுபடியும் அதே நடை, கூடவே மணலைத் தேய்ப்பதுபோல் ஓர் உரசல். உதிர்கிறது என்று தெரிந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி. நிறுத்த மனம் வரவில்லை.

"போதும்டி பாப்பா" என்றது அடுப்படியிலிருந்து குரல். "கண்ணு கெட்டுடும். எழுந்து வா."

விசையிலிருந்து கையை எடுத்தேன். டிரைவ் நின்றது. அம்மா அங்கே காத்திருப்பது தெரிந்தது. நாற்காலியைத் தரையில் கிரீச்சென்று இழுத்துவிட்டு எழுந்து போனேன்.