மகளின் கீழுதடு

மகளுக்குப் பத்தொன்பது வயதில் ஞானப்பல் வீங்கி வாய் பூட்டிக்கொண்டது. நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வள்ளம், பிறகு பஸ் என்று யாழ்ப்பாணம் கூட்டிப்போனேன்.

பல் வைத்தியர் கடதாசியில் கீறிக் காட்டினார். பல் நிமிர்ந்து வரவில்லை. பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு எலும்புக்குள் படுத்திருக்கிறது. குறட்டால் பிடித்து இழுக்க ஏலாது. முரசுச் சதையைக் கீறி, எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்கவேண்டும். வேருக்குக் கீழே உதட்டுக்குப் போகும் நரம்பு. எவ்வளவு கிட்ட என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். அந்தச் சின்ன பிலிமை வைக்கக்கூட அவள் வாய் திறக்கவில்லை.

மருந்து தந்தார். மெல்லிய குச்சிகளைப் பற்களுக்கிடையே அடுக்கி, நாளுக்கு ஒன்று மட்டும் கூட்டச் சொன்னார்.

பனை மட்டையைச் சீவித் துண்டுகள் செய்தேன். ஆறாம் நாள், வள்ளங்களை நேவி நிறுத்தப்போகிறதென்று துறையில் கதை. அதற்குள் வாய் திறந்துவிடவேண்டுமென்று ஓடிவந்து ஒரேயடியாக மூன்றைச் செருகினேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை," என்றேன்.

பின்னேரம் கன்னம் திரும்ப வீங்கியது. நேவி வள்ளங்களை நிறுத்தவுமில்லை. வீக்கம் வற்றப் பத்து நாள் பிடித்தது.

மறுபடி போனபோது வாய் திறந்தது, ஆனால் எக்ஸ்ரே பிலிம் முடிந்திருந்தது.

"போன கிழமை வந்திருந்தால் படம் எடுத்திருப்பன், மாஸ்டர்," என்றார் வைத்தியர். அதில் குற்றச்சாட்டு இல்லை. பல்லை விட்டுவைத்தால் அடுத்தமுறை சீழ் கழுத்துக்கு இறங்கலாம் என்றார். படம் இல்லாமலே பல்லை எடுக்க நான் கையெழுத்து வைத்தேன்.

வெளியே மர வாங்கில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். பல் மூன்று துண்டாக வந்தது. வேர் கொக்கிபோல வளைந்து நரம்பை ஒட்டிக் கிடந்ததாம்.

ஊசியின் விறைப்பு அடங்கிய பிறகும் கீழுதட்டின் வலப்பக்கத்தில் உணர்வு வரவில்லை. ஆறு மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம். தேத்தண்ணீர் நாடியில் வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் தாய் துடைத்துவிடுவாள். நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போகுமுன் ஒவ்வொரு காலையும் அவளைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, ஈர்க்கு நுனியால் உதட்டைத் தொடுவேன். "இப்ப?" என்பேன். "இல்லை," என்பாள். மாதங்கள் போயின. பிள்ளை சலிக்கவில்லை.

ஒருநாள் ஈர்க்கை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் மடியிலேயே வைத்திருந்தேன். "இப்ப?" என்று வாய் மட்டும் கேட்டுவிட்டது.

கண்ணை மூடியபடியே, "ஓம் அப்பா, விளங்குது," என்றாள்.

அதற்குப் பிறகு நான் சோதிக்கவில்லை.