இருவாச்சிக் கூட்டைக் காட்டியவள்

மரப்பொந்தின் வாயை அடைத்திருந்த மண்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியே ஓர் அலகு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முட்டையிடத் தன்னை உள்ளே அடைத்துக்கொண்ட பெண் இருவாச்சியின் அலகு அது. ஆண் பறவை காட்டுப்பழங்களைத் தொண்டையில் அடக்கி வந்து ஒவ்வொன்றாக ஊட்டும். இரத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருத்துவச்சியாக இருந்த அறுபதுகளில், பிரசவ அறையின் பின்சன்னலிலிருந்து அதைப் பார்ப்பேன். "அந்த ஆம்பளைய பாருங்கம்மா, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே" என்று ஒருத்தி வலிக்கு நடுவிலும் சிரித்தாள்.

அந்தக் கூட்டைக் குருவித்துரைக்குக் காட்டியவள் நான்தான். பக்கத்துக் கொக்கோத் தோட்டத்துக்காரர். காட்டுப் பறவைகளை வரைவதில் கொழும்பு வரை பெயரெடுத்தவர். ஒருமுறை இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர் தன் வரைபுத்தகத்தைக் காட்டினார். அதிலிருந்த மரங்கொத்தியின் கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. இப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கெடுதல் செய்ய வராது என்று நம்பினேன். இருந்தாலும் கேட்டுவைத்தேன்.

"கூட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுங்க துரை."

"பார்க்கிறது மட்டும்தான் நர்ஸம்மா. சத்தியம்."

நான்கு காலைகள் மரத்தடியில் உட்கார்ந்து வரைந்தார். நான் தேத்தண்ணி அனுப்பினேன். ஐந்தாம் நாள் ஒரு குழந்தையின் தொப்புள்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. வேலையை முடித்து ஓடினேன். ஆண் பறவையைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இறகு வரிசை தூரத்துல சரியாத் தெரியல" என்றார், சாதாரணமாக.

"உள்ள குஞ்சு இருக்குதுங்களே!"

"தாய் வெளிய வந்துரும். கவலப்படாதீங்க."

ஏணி வைத்து ஏறி, கீறலுக்குள் அத்திப்பழங்களை நீட்டினேன். அலகு உள்ளே போய்விட்டது. என் கையை நம்ப அதற்கு என்ன காரணம் இருந்தது? மூன்றாம் நாள் தாய்ப்பறவை சுவரை உடைத்துக்கொண்டு வந்தது. அடைகாத்த காலத்தில் சிறகிறகுகள் உதிர்ந்திருந்ததால் பறக்க முடியவில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே தத்தித் தத்திப் போனது. பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன.

சில மாதங்களுக்குப் பிறகு மாத்தளையில் அவருடைய ஓவியக் கண்காட்சி. ஆண் இருவாச்சி கீறல் வழியே பழம் ஊட்டும் படத்தின் முன்தான் கூட்டம் அதிகம். துரை என்னைக் கண்டதும் முன்னால் அழைத்தார். "கூட்டைக் காட்டினது இந்த நர்ஸம்மாதான். இவங்க இல்லாட்டி இந்தப் படமே இல்ல." கைதட்டினார்கள். அவர் உண்மையாகவே நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சுட்டுட்டுத்தாங்க வரைஞ்சாரு" என்றேன்.

கோட்டுப் போட்ட ஒருவர் படத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தார். "அதுதான் இவ்வளவு உயிரோட இருக்கு" என்றார்.

இன்று கேமராவோடு வரும் பிள்ளைகள், "இந்தப் பக்கம் இருவாச்சி கூடு இருக்குதாம்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். நல்ல முகங்கள். "எனக்குத் தெரியாது தம்பி" என்கிறேன். எனக்கு மூன்று கூடுகள் தெரியும்.